பூனைமுடிக்கு அஞ்சலாமா?

கத்தோலிக்கக் குடும்ப இதழில் இப்படியும் ஒரு பொருளா என்று பெரியோர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். தவக்காலச் சிந்தனை உண்டு. திருமணத் தயாரிப்பு உண்டு. பிள்ளை வளர்ப்பு உண்டு. பெண்மக்களின் மேலுதட்டில் அரும்பும் மென்முடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். இருக்கிறது என்பதே நமது பணிவான விடை. பெண்மக்கள் வாய்விட்டுச் சொல்லாத துன்பங்களுள் இதுவும் ஒன்று. சொல்லப்படாத துன்பம் மறைவிடம் தேடும். மறைவிடத்தில் செய்துகொள்ளும் வைத்தியம் பெரும்பாலும் புண்ணில் முடியும். ஆகவே, குடும்பத்தார் கூடியமர்ந்து பேசத்தக்க பொருளே இது என்று துணிந்து எழுதுகிறோம்.

நம் இல்லங்களில் நடக்கும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையனின் உதட்டின் மேல் நிழல்போல் நாலு முடி தோன்றினால் ‘அரும்பு மீசை’ என்று அதற்குப் பெயர் சூட்டி வீடே மகிழ்கிறது. பாட்டி அவன் முகவாயைத் தொட்டு முத்தமிடுகிறாள். அவன் தங்கை அந்த வயதை எட்டும்போது, அதே இடத்தில், அதில் கால்வாசி தோன்றினாலும் போதும். வகுப்பிலே ‘மீசைக்காரி’ என்ற பட்டம் கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் உறவினர், “இதென்ன, முகத்திலே இப்படி?” என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டுக் காப்பி அருந்திச் செல்கின்றனர். காப்பிக் கோப்பையைக் கழுவிவிடலாம். அந்தச் சொல்லைக் கழுவ முடிவதில்லை.

படைப்பின் ஒழுங்கு

முதலில் உண்மையை அறிவோம். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக மனித உடல் முழுவதும் முடி உண்டு. நம் உடலில் ஏறக்குறைய 50 இலட்சம் முடிக்குழிகள் உள்ளன என்பர் அறிவியலார். அவை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. இந்தத் தொகையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தாடி வளரும் ஆணின் முகத்தில் இருப்பது போன்ற முடிக்குழிகளே பெண்ணின் முகத்திலும் இருக்கின்றன. முளைக்கும் முடியின் தடிப்பும் நிறமும் நீளமும்தான் வேறு.

கருவிலிருக்கும் குழந்தையை மெல்லிய உரோமம் ஒன்று போர்த்தியிருக்கிறது. பெரும்பாலும் பிறக்குமுன்னே அது உதிர்ந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோளிலும் முதுகிலும் அதைத் தாய்மார் கண்டிருப்பர். அதன் பின் முளைப்பதே நாம் பூனைமுடி என்று வழங்கும் மென்முடி. பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையது; நிறம் வெளிறியது. கன்னத்திலும் காதோரத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வெயில் சாயும்போது மட்டும் பொன்னிழைபோல் தெரிவது அதுவே. பருவம் எய்தும்போது பெண்ணின் உடலிலும் ஆண்மைச் சுரப்புகள் சிறிதளவு ஊறுகின்றன. அதனால் சில இடங்களில் மென்முடி சற்றுத் தடித்துக் கறுக்கிறது. சில குடும்பங்களில் இது கூடுதலாகத் தெரியும். சில குடும்பங்களில் தெரியாது. பாட்டிக்கு இருந்தது தாய்க்கும், தாய்க்கு இருந்தது மகளுக்கும் வரும். இதிலே நோயும் இல்லை, குற்றமும் இல்லை, பெண்மைக்குக் குறைவும் இல்லை.

நம் தலைமுடி ஒவ்வொன்றும் வானகத் தந்தையின் கணக்கில் இருப்பதாக ஆண்டவர் மொழிந்ததை மறைக்கல்வி வகுப்பில் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தலைமுடியை எண்ணி வைத்தவர் முகத்து மென்முடியை எண்ணாமல் விட்டிருப்பாரோ?

ஒரு சிறுமியின் கேள்வி

இந்தப் பொருளை நாம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் தங்கையின் மகள் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளிப் படிப்பின் பொருட்டு நம் இல்லத்தில் தங்கியிருந்தாள். அவ்வாண்டு பங்கில் உறுதிப்பூசுதல் நடைபெறவிருந்தது. பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. கலகலப்பான பெண், பாடற்குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். திடீரென்று பின்வரிசைக்குப் போனாள். பிறகு கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். கேட்டால், “சளி, பெரியம்மா” என்பாள்.

ஒரு சனிக்கிழமை மாலை குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்கப்படவில்லை. திறந்தபோது அவள் மேலுதட்டின் மேல்பகுதி செக்கச் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்த முடி நீக்கும் கிரீமை அவள் பூசியிருக்கிறாள். சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும் என்று உறையில் அச்சிடப்பட்டிருந்ததாம். ‘அதிக நேரம் வைத்தால் திரும்ப முளைக்காது’ என்று தோழி சொன்னதை நம்பி, எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மூதாட்டி பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவரை அன்போடு தடுத்து, குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் அந்த இடத்தின் மேல் மெதுவாக ஓடும்படி செய்தோம். பிறகு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மருத்துவ அம்மையார் சினந்துகொள்ளவில்லை. “நல்ல வேளை, உடனே தண்ணீரில் கழுவினீர்கள். புண் சில நாளில் ஆறிவிடும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புண் ஆறிய இடம் கறுத்துப்போகும்; அது மறையப் பல மாதங்கள் ஆகலாம்” என்றார். வீடு திரும்பும் வழியில் பேருந்தில் நம் தோளில் சாய்ந்தபடி அந்தப் பெண் கேட்டாள்: “பெரியம்மா, எனக்கு மட்டும் ஏன் ஆண்டவர் மீசை வைத்தார்?”

அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. முகத்தைக் காட்டி, “நன்றாகப் பார், இங்கேயும் இருக்கிறது, உன் அம்மாவுக்கும் இருக்கிறது, உன் பாட்டிக்கும் இருந்தது” என்றோம். அவள் உற்றுப் பார்த்தாள். பல நாள்களுக்குப் பின் அன்றுதான் சிரித்தாள். தனக்கு மட்டுமே என்று எண்ணியதுதான் அவளை வாட்டியது, முடி அன்று. உறுதிப்பூசுதல் நாளில் அந்தக் கறுத்த தழும்போடுதான் ஆயர் முன் நின்றாள். கிறிஸ்மா எண்ணெய் நெற்றியில் பூசப்பட்டபோது அவள் முகத்தை மறைக்கவில்லை.

உலகம் கற்ற கசப்பான பாடம்

பள்ளிச் சிறுமி மட்டுமன்று. படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்த நாணத்துக்காக உடல்நலத்தைப் பறிகொடுத்த வரலாறு உண்டு. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே வியன்னா நகரில் லியோபோல்டு ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர், ஐந்து வயதுச் சிறுமியின் முதுகில் மச்சத்தின் மேல் அடர்ந்திருந்த முடியை அக்கதிரால் உதிரச் செய்தார். முடி உதிர்ந்தது, பின்னர் தோல் புண்ணாயிற்று. எனினும் 1920-களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் அழகு நிலையங்களில், வலியின்றி முகமுடி நீக்கும் கருவி என்ற விளம்பரத்தோடு எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெண்கள் அதன்முன் அமர்ந்து கன்னத்தையும் முகவாயையும் காட்டினர். 1929-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கண்டித்தது. ஆனால் அதற்குள் பலருக்குக் கேடு விளைந்துவிட்டது. தோல் சுருங்கியது, பல்லாண்டு கழித்துச் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது.

அதே நாட்டில் 1930-களின் தொடக்கத்தில் ‘கொரெம்லு’ என்ற பெயரில் முடி நீக்கும் களிம்பு ஒன்று விற்பனையாயிற்று. அதில் கலந்திருந்தது தாலியம் என்னும் நஞ்சு. எலி கொல்லப் பயன்பட்ட பொருள். பூசிய பெண்களுள் பலர் தலைமுடியை இழந்தனர். கால்கள் செயலிழந்தவர் உண்டு. பார்வை மங்கியவர் உண்டு. இத்தகைய கொடுமைகள் வெளிவந்ததும் சேர்ந்தே, அழகுப் பொருள்களையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொணரும் சட்டம் 1938-இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

மேற்கு ஆசிய நாடுகளில் அரிதாரத்தைச் சுண்ணாம்புடன் குழைத்து முடி நீக்கும் வழக்கம் பல நூற்றாண்டு இருந்தது. அரிதாரம் ஆர்செனிக் கலந்த நஞ்சு. சுண்ணாம்போ தோலை அரிப்பது. பழைமையான முறை என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. நம் சிறுமி பல்லைக் கடித்துப் பொறுத்த அரைமணி நேரமும் இந்த வரலாற்றின் ஒரு சிறு துளிதான்.

அழகு பாவமா?

மறுபுறம், முடி நீக்குவதே வீண் ஆடம்பரம், பாவம் என்று கண்டிப்போரும் நம்மிடையே உண்டு. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களுக்கு உரையாற்றினார். உடலழகு தன்னளவில் நன்மையே, ஆயினும் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது என்பது அவ்வுரையின் சாரம். எந்த நோக்கத்தோடு, எத்தகைய இடரை ஏற்று அதனை நாடுகிறோம் என்பதைக் கொண்டே நன்மை தீமை முடிவாகும். அறுவை மருத்துவத்துக்கே இதுதான் அளவுகோல் என்றால், மேலுதட்டு மென்முடிக்கு வேறு சட்டம் வேண்டியதில்லை. நீக்குவதும் பாவமன்று, நீக்காதிருப்பதும் அழுக்கன்று. உடலுக்குத் தீங்கு செய்துகொள்வதும், பிறரைப் பழித்துப் புண்படுத்துவதுமே நம் மனச்சான்று கவனிக்க வேண்டியவை.

ஐரோப்பாவின் நடுக்கால மக்கள் தாடியுள்ள ஒரு கன்னியைப் புனிதையாகப் போற்றினர் என்பது நம்மவர் பலர் கேள்விப்படாத செய்தி. வில்ஜிஃபோர்ட்டிஸ் என்பது அவள் பெயர். விருப்பமில்லாத மணத்திலிருந்து தன்னைக் காக்குமாறு அவள் மன்றாட, முகத்தில் தாடி வளர்ந்ததாகக் கதை. இது வரலாறு அன்று. வெறும் புனைவே என்று அறிஞர் தெளிவுபடுத்திவிட்டனர். ஆயினும் இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தில், தாடியோடு கூடிய அவள் சிலை இன்றும் நிற்கிறது. துன்புற்ற பெண்கள் அவள்முன் மெழுகுதிரி ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. முகத்தில் முடியுள்ள பெண்ணை அந்த எளிய மக்கள் எள்ளி நகையாடவில்லை. அவளிடம் செபிக்கத் துணிந்தனர்.

வீட்டில் செய்துகொள்ளும் முறை

மகள் தானே விரும்பி நீக்க எண்ணினால், தாய் உடனிருந்து கற்றுக்கொடுப்பதே நல்லது. மற்றவர் வற்புறுத்தலுக்காகச் செய்ய வேண்டியதில்லை.

பூனைமுடிக்கு எளியதும் செலவு குறைந்ததும் முகத்துக்கெனவே விற்கும் சிறிய ரேசர்தான். “ஐயையோ, பிளேடு வைத்தால் ஆண்பிள்ளை மாதிரி கரடுமுரடாக முளைக்குமே!” என்று பாட்டிமார் பதறுவர். இந்த ஐயத்தை 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஆராய்ந்து பார்த்தார். மழிப்பதால் முடியின் தடிப்போ நிறமோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று கண்டார். முடியை வளர்ப்பது தோலுக்கடியில் உள்ள வேர். பிளேடு அதைத் தொடுவதில்லை. பின் ஏன் சொரசொரப்பு? இயல்பாக வளர்ந்த முடியின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருக்கும். விரலுக்குத் தட்டுப்படுவது அந்தத் தட்டை நுனியே.

செய்முறை வருமாறு: இரவு வேளை நல்லது, பிறகு வெயிலில் போக வேண்டியிராது. கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். முகத்தை மென்மையான சோப்பால் கழுவித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் வறண்டதாயின் சோற்றுக் கற்றாழைச் சாற்றையோ வாசனையில்லாத கிரீமையோ மெல்லிதாகத் தடவிக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் அமர்ந்து, ஒரு கையால் தோலைச் சற்று இழுத்துப் பிடித்து, பிளேடைப் படுக்கைவாட்டில் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே குறுகிய இழுப்பாக மெதுவாக இழுங்கள். அழுத்த வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டாம். பரு, புண், மரு இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். மச்சத்தில் முளைத்த முடியைச் சிறு கத்தரியால் நறுக்கலாம், பிடுங்க வேண்டாம். கண்ணிமைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, வாசனையில்லாத கிரீம் பூசினால் போதும். அன்று எலுமிச்சைச் சாறு, வாசனைத் தைலம், உரசிக் கழுவும் மாவு எதுவும் வேண்டாம்.

பிளேடு ஒருவருக்கு ஒன்று. அப்பாவின் ரேசர், அக்காளின் ரேசர் என்று எடுத்துப் பயன்படுத்துதல் பெருந்தீங்கு. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி மூலம் பி, சி வகைக் கல்லீரல் அழற்சி நோய்கள் பரவக்கூடும். மழுங்கிய பிளேடையும் துருப்பிடித்ததையும் எறிந்துவிடுங்கள். எறியும்போது தாளில் சுற்றி எறியுங்கள். குப்பை அள்ளும் சகோதரரின் கையும் இறைவன் படைத்ததே.

நூலிட்டு எடுத்தல், அதாவது ‘திரெட்டிங்’, கைதேர்ந்தவர் செய்தால் நன்று. சில வாரங்கள் தாங்கும். புதிய நூல், கழுவிய கை என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நூலின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு செய்வதை ஒப்புக்கொள்ள வேண்டாம். தூய்மை குறைந்தால் முடிக்குழிகளில் சீழ்க் கொப்புளமும், மருக்களும் பரவுவதுண்டு.

கிரீம்கள் பற்றி ஒரு சொல். பெரும்பாலானவற்றில் தயோகிளைகோலேட் என்னும் காரப்பொருள் உள்ளது. முடியை ஆக்கியுள்ள கெரட்டின் என்ற புரதத்தின் பிணைப்பை அது உடைத்துக் குழைத்துவிடுகிறது. நம் தோலின் மேற்பரப்பும் அதே கெரட்டினால் ஆனதே. ஆதலால் நேரம் கூடினால் முடியோடு தோலும் வெந்துவிடும். முகத்துக்கென்று குறிக்கப்பட்டதை மட்டுமே வாங்கி, முன்னாளில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்த்து, ஒரு நாள் பொறுத்திருந்து, உறையில் கண்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள். எரிந்தால் உடனே கழுவுங்கள். எரிவது ‘வேலை செய்கிறது’ என்பதன் அடையாளமன்று; நிறுத்து என்னும் எச்சரிக்கை. வெந்துவிட்டாலோ, ஓடும் தண்ணீர்தான் முதலுதவி. பற்பசையும் மாவும் மையும் வேண்டாம்.

சூடான மெழுகு முகத்துத் தோலை எளிதில் சுட்டுவிடும். பருவுக்கு மருந்து உட்கொள்வோரும், தோலை உரிக்கும் களிம்பு பூசுவோரும் மருத்துவரைக் கேளாமல் மெழுகைத் தொடவே கூடாது. தோலே பிய்ந்து வரும். முடியை வெளுக்கும் ‘பிளீச்’ சிலருக்கு எரிச்சலும் கறுப்பும் தரும். லேசர் சிகிச்சை தடித்துக் கறுத்த முடிக்கே ஏற்றது. வெளிறிய பூனைமுடிக்கு அது பயன்படாது. தெற்காசியப் பெண்களின் முகத்தில் லேசருக்குப் பின் முடி முன்னிலும் அதிகமாக முளைத்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே தோல் மருத்துவரைக் கேட்ட பின்னரே பணத்தைக் கட்டுங்கள்.

கஸ்தூரி மஞ்சளும் பயற்றமாவும் நம் தாய்மார் கண்ட நல்ல பொருள்களே. முகம் கழுவ உதவும். ஆனால் முளைத்த முடியை அவை வேரோடு போக்கிவிடும் என்று நம்பிக் கருங்கல்போல் உரசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம். மஞ்சளும் ஒத்துக்கொள்ளாத சிலர் உண்டு.

மணநாளுக்கோ புதுநன்மை விழாவுக்கோ முந்தின நாள் எந்தப் புதிய முறையையும் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். மூன்று வாரம் முன்னரே சோதித்துப் பார்ப்பது நல்லறிவு.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

பூனைமுடி நோயன்று, ஆயினும் சில வேளைகளில் முகமுடி ஒரு செய்தியைக் கொண்டு வருகிறது. முகவாயிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் தடித்த கருமுடி பரவுதல், மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல், தீராத பரு, தலைமுடி உதிர்தல், உடல் பெருத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவரைக் காணுங்கள். சினைப்பையைச் சார்ந்த பி.சி.ஓ.எஸ். என்ற சுரப்புக் கோளாறு காரணமாக இருக்கலாம். 1935-இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைன், லெவன்தால் இருவரும் இதனை விவரித்தனர். குழந்தைப்பேற்று வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 13 பேர் வரை இது இருக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பலருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாது. கவனியாது விட்டால் நீரிழிவுக்கும் மகப்பேற்றுத் தடைக்கும் வழிகோலும். கவனித்தால் கட்டுக்குள் வைக்கலாம். “கலியாணமாகாத பெண்ணை அந்த மருத்துவரிடம் கூட்டிப்போனால் ஊர் என்ன சொல்லும்?” என்று தயங்கும் பெற்றோரே, ஊர் உங்கள் மகளின் நோயைச் சுமக்கப் போவதில்லை.

சில மாதங்களுக்குள் முடி விரைந்து பெருகி, குரலும் தடித்தால் காலம் தாழ்த்தவே கூடாது. வலிப்பு நோய்க்கான சில மருந்துகளாலும் முடி மிகும். அவ்வேளை மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று: மெலிய வேண்டும் என்று உணவை ஒதுக்கி எலும்பும் தோலுமாகும் பெண்ணின் கன்னத்திலும் கையிலும் புதிதாக மென்முடி படர்வதுண்டு. பட்டினியால் வாடும் உடலின் அடையாளம் அது. அங்கே நீக்க வேண்டியது முடியை அன்று. அந்தப் பிள்ளையின் உள்ளத்தை வதைக்கும் அச்சத்தை.

முதியோருக்கு ஒரு பணிவிடை

இளம்பெண்களைப் பற்றியே பேசினோம். மாதவிலக்கு நின்ற பின் பல பெண்மணிகளுக்கு முகவாயில் விறைப்பான முடி நாலைந்து முளைக்கிறது. கண்பார்வை உள்ளவரை தாமே நீக்கிக்கொள்வர். பார்வை மங்கி, கை நடுங்கும் முதுமையில் யாரிடம் சொல்வது? நற்கருணை கொண்டுவரும் குருவானவர் வரும்போது முந்தானையால் முகவாயை மூடிக்கொள்ளும் பாட்டியை நாம் அறிவோம். குளிரினால் மூடுகிறாள் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர்.

இத்தகைய முதியோர்க்குப் பிளேடு வேண்டாம். தோல் மெலிந்திருக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராயின் சிறு கீறலும் நிற்காமல் கசியும். பேட்டரியால் இயங்கும் முகத்து டிரிம்மரோ, முனை மழுங்கிய சிறு கத்தரியோ போதும். மகளோ மருமகளோ ஞாயிறு திருப்பலிக்கு முந்திய மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஆகிவிடும். நோயுற்றோரைச் சந்தித்தல், ஆடையற்றோரை உடுத்துதல் என்று இரக்கச் செயல்களை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். முதிய தாயின் முகவாயை அவள் நாணாதபடி துடைத்துவிடுவதும் அவற்றோடு சேர்ந்ததே.

தாய்மாரே, உங்கள் மகள் கைக்குட்டையால் வாயை மூடத் தொடங்கினால் சளி என்று விட்டுவிடாதீர்கள்; அருகே அமர்த்திக் கேளுங்கள். தந்தையரே, உங்கள் மகன் வகுப்பில் எந்தப் பெண்ணுக்கு என்ன பட்டம் சூட்டுகிறான் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அதைத் திருத்தும் கடமை பள்ளிக்கு மட்டும் உரியதன்று. இளம்பெண்களே, உங்கள் முகம் திருமுழுக்கு நாளில் நீர் வடிந்த முகம். சிலுவை அடையாளம் இடப்பட்ட முகம். அதனை நீங்கள் எப்படிப் பேணினாலும் மதிப்போடு பேணுங்கள். புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.